கைவினைப் பக்கி வண்டியின் சஸ்பென்ஷன் கைகள்: பட்டறைக் கட்டுமானமும் சக்கரச் சீரமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கரடுமுரடான நிலத்தில் ஓட்டுவதற்காகப் பட்டறைகளில் கையால் கட்டப்படும் பக்கி வண்டிகளில் சக்கரம் நேராக நில்லாமை, கடைசியில் திருகித் திருத்திக்கொள்ளக்கூடிய சிறு குறையாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. அக்குறையின் பெரும்பகுதி பற்றவைப்பு மேசையிலேயே பிறந்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. இரட்டைக் கை சஸ்பென்ஷனைச் சான்றாகக் கொண்டு, ஜிக் பலகை அமைத்தல், பற்றவைப்பால் நேரும் கோணல், சட்டகத்தில் கைகளைப் பொருத்துதல், நூல் கட்டிச் சக்கரங்களைச் சீரமைத்தல், மேடுபள்ளத்தில் சக்கரம் தானே திரும்பும் குறை ஆகியன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பக்கி வண்டி, சஸ்பென்ஷன் கை, ஜிக் பலகை, பற்றவைப்புக் கோணல், கேம்பர், காஸ்டர், டோ, பம்ப் ஸ்டீயர்.

முன்னுரை

கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964ஆம் ஆண்டு உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் என்னும் மணல்வெளி வண்டி, வீட்டுக் கொட்டகைகளில் வண்டி கட்டுவோரின் மரபில் ஒரு திருப்புமுனையாகும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் உறுப்புகளோடு கண்ணாடியிழையாலான உடலைப் பொருத்தி அவர் அதனை அமைத்தார். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தில் வென்றதும் ஒரு மேங்க்ஸ் வண்டியே. அதன் முன்பக்க சஸ்பென்ஷன் பீட்டில் காரிலிருந்து பெறப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரு குறுக்குக் குழாய்கள், அவற்றினுள் முறுக்கு வில்தகடுகள், குழாய் முனைகளிலிருந்து பின்னோக்கி நீளும் கைகள் என அவ்வமைப்பு அமைந்திருந்தது. ஆகவே சக்கரம் எந்தச் சாய்வில் நிற்க வேண்டும், மேலெழும்போது எவ்வழியே எழ வேண்டும் என்பனவற்றைத் தொழிற்சாலையே முடிவு செய்து அனுப்பியிருந்தது. கொட்டகையில் கட்டியவர் அந்த அளவுகளைத் தொடவேண்டிய தேவை எழவில்லை.

இன்று நிலை வேறு. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. மாணவர் போட்டியிலும், அதன் வழியில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் நடைபெற்றுவரும் இந்தியப் போட்டியிலும் பங்கேற்கும் ஒற்றையிருக்கை வண்டிகளின் கைகள் பெரும்பாலும் மாணவர்களே குழாய் வெட்டிப் பற்றவைத்தவை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் அணிகளும் இவற்றுள் அடங்கும். அணிகள் அனைத்தும் ஒரே வகை எஞ்சினைப் பயன்படுத்த வேண்டியிருத்தலால், வண்டிகளுக்கிடையிலான வேறுபாடு சட்டகத்திலும் சஸ்பென்ஷனிலுமே பெரிதும் வெளிப்படுகிறது. நான்கு மணிநேரத் தாங்குதிறன் ஓட்டத்தில் ஒரு கை ஒடிந்தால் அணி பின்தங்கும் என்பது சிறிய விளைவே. வேகத்தில் முன்சக்கரம் உள்நோக்கி மடிந்தால் வண்டி கவிழும். உள்ளே ஒருவர் வார்ப்பட்டையால் கட்டப்பட்டு அமர்ந்திருக்கிறார்.

1. கை என்பது மூன்று புள்ளிகள்

இரட்டைக் கை அமைப்பில் ஒவ்வொரு சக்கரத்திற்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கைகள் உள்ளன. ஒவ்வொரு கையும் ஆங்கில எழுத்து 'ஏ' போன்ற வடிவினது. அதன் இரு கால்களும் சட்டகத்தில் புஷ்களின் வழியே பொருந்துகின்றன. கூர்முனை பால் ஜாயின்ட் வழியே நக்கிளைப் பிடிக்கிறது. நக்கிள் என்பது சக்கர அச்சைத் தாங்கித் திரும்பும் உறுப்பு. மேல் கீழ் பால் ஜாயின்ட்டுகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடே சக்கரம் திரும்பும் அச்சாகும்.

கையைக் கட்டுவோர் குழாயின் பருமன், வளைவு, பற்றவைப்பின் அழகு ஆகியவற்றிலேயே கவனம் செலுத்துவது இயல்பு. வடிவியல் நோக்கில் கை என்பது மூன்று புள்ளிகளே: உட்புறப் புஷ்களின் மையங்கள் இரண்டு, வெளிப்புறப் பால் ஜாயின்ட்டின் மையம் ஒன்று. குழாய்கள் அம்மூன்றையும் உரிய இடைவெளியில் நிறுத்திவைக்கும் தாங்கிகள். குழாய் சற்று வளைந்திருந்தும் புள்ளிகள் சரியாக இருந்தால் சக்கரம் சரியாகவே நிற்கும். இதன் மறுதலை உண்மையன்று.

சான்றாக, கீழ்க்கை 380 மி.மீ., மேற்கை 320 மி.மீ., பால் ஜாயின்ட்டுகளுக்கிடையிலான உயரம் 180 மி.மீ. எனக் கொள்ளலாம். மேற்கை குட்டையாக இருப்பது திட்டமிட்டதே. சக்கரம் மேலெழும்போது குட்டைக் கையின் முனை கூடுதலாக உள்நோக்கி இழுக்கப்பட, சக்கரத்தின் மேற்பகுதி உட்சாய்கிறது. திருப்பத்தில் வண்டியின் உடல் வெளிப்புறம் சாயும்போது வெளிச்சக்கரம் நிலத்தில் நிமிர்ந்து நிற்க இது துணைசெய்கிறது.

இவ்வளவில் மேற்கை 2 மி.மீ. குட்டையாகிவிட்டால் கேம்பர் எனப்படும் பக்கச் சாய்வு ஏறத்தாழ 0.64 பாகை மாறும். அக்கையின் கூர்முனை முன்னாகவோ பின்னாகவோ 3 மி.மீ. நகர்ந்தால், திரும்பும் அச்சின் முன்பின் சாய்வாகிய காஸ்டர் ஏறத்தாழ 0.95 பாகை மாறும். 320 மி.மீ. நீளமுள்ள கை தன் தளத்திலேயே அரைப் பாகை கோணிப்போனால் கூர்முனை 2.8 மி.மீ. நகர்ந்துவிடும். அரைப் பாகை கண்ணுக்குத் தெரியாது. இடப்பக்கக் கை ஒரு திசையிலும் வலப்பக்கக் கை மறுதிசையிலும் கோணினால் இருபக்கக் காஸ்டர்களும் ஏறத்தாழ இரண்டு பாகை வேறுபடும். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே ஓடும்.

2. ஜிக் பலகை

மேற்கண்ட கணக்கின் விடை ஜிக் பலகையில் உள்ளது. 10 அல்லது 12 மி.மீ. கனமுள்ள சமதளமான எஃகுப் பலகையில் மூன்று புள்ளிகளையும் குறித்துத் துளையிட்டு, லேத்தில் கடைந்த ஊசிகளை நட வேண்டும். புஷ் குழாய்கள் இரண்டையும் தனித்தனி ஆணிகளில் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. அவ்விரு குழாய்களும் ஒரே அச்சில் இருந்தாலொழியக் கை தடையின்றிச் சுழலாது. ஆகையால் இரண்டினூடும் நேரான ஒரே நீள்தண்டைச் செலுத்தி, அத்தண்டைப் பலகைமீது தாங்கிகளில் கிடத்துவதே முறை.

ஊசிகளின் இடைவெளியை நாடாவால் அளக்காது, வெர்னியரால் ஊசியின் வெளிப்புறத்திலிருந்து அளந்து விட்டங்களின் பாதியைக் கழித்துப் பெறுதல் நலம். ஒரு ஜிக்கில் ஏற்பட்ட 1 மி.மீ. பிழை இருபுறக் கைகளிலும் ஒரேபோல் ஏறும், அது பொறுக்கத்தக்கது. இரு கைகளையும் தனித்தனியே தரையில் சாக்கட்டிக் கோடு போட்டுக் கட்டினால் வரும் 1 மி.மீ. வேறுபாடு பொறுக்கத்தக்கதன்று. ஓட்டுநர் முதலில் உணர்வது இடவல வேறுபாட்டையே.

குழாய்முனைகளை மற்றொரு குழாயின் வளைவுக்கேற்ப மீன்வாய் போலக் குடைந்து பொருத்த வேண்டும். ஒளிக்கு எதிரே பிடித்தால் இடைவெளி தெரியாத அளவுக்குப் பொருத்தம் அமைய வேண்டும் எனப் பட்டறைகளில் சொல்லப்படுவது மிகையன்று. இடைவெளி அகலுந்தோறும் அதை நிரப்பும் உலோகம் கூடும். உலோகம் கூடுந்தோறும் ஆறும்போது இழுப்பும் கூடும்.

3. வெல்டிங் இழுக்கும் வழி

“வெல்டிங் இழுத்துவிட்டது” என்பது பட்டறைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. அதன் காரணம் எளியது. உருகிய பகுதி விரிய முயலும்போது சுற்றிலுமுள்ள குளிர்ந்த உலோகம் அதைத் தடுக்கிறது. ஆறும்போது அப்பகுதி சுருங்கித் தன் பக்கமாக எல்லாவற்றையும் இழுக்கிறது. குழாயின் ஒருபுறம் முழுதும் பற்றவைத்துவிட்டு மறுபுறம் சென்றால், முதற்புற இழுப்பை இரண்டாம் புறம் முழுமையாக ஈடுசெய்வதில்லை.

எனவே எல்லா இணைப்புகளிலும் முதலில் நான்கு இடங்களில் டேக் வைத்து, ஜிக்கிலிருந்து எடுத்து மீண்டும் வைத்துச் சோதித்து, அதன்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் சிறுசிறு துண்டுகளாகப் பற்றவைக்க வேண்டும். கை முழுவதும் தொடும் சூட்டிற்கு ஆறும்வரை ஜிக்கிலேயே இறுகக் கட்டுண்டு இருக்க வேண்டும். புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் முன்னரே கழற்றிவிட வேண்டும். ரப்பரும் நைலானும் அவ்வெப்பத்தைத் தாங்கா. மரையிட்ட முனைகளில் பழைய போல்ட் ஒன்றைத் திருகி வைத்தால் மரை கோணாது.

4130 வகைக் குரோம்-மாலிப்டினம் எஃகில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. நேரம் மிச்சமாகும் என்று பற்றவைத்த சூட்டோடு தண்ணீரில் நனைக்கும் வழக்கம் சில பட்டறைகளில் காணப்படுகிறது. சாதாரண மென்னெஃகில் அது பெருந்தீங்கு செய்யாமல் போகலாம். 4130 எஃகிலோ இணைப்பின் ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மை அடைகிறது. முதல் குழியில் இறங்கும்போது வெடிப்பு அங்கிருந்தே புறப்படும். காற்றோட்டமில்லாத இடத்தில் தானே ஆறவிடுவதே ஒரே வழி. இவ்வொழுக்கத்தைக் கடைப்பிடிக்க இயலாத பட்டறை விலையுயர்ந்த எஃகை விடுத்து, சற்றுக் கனமான மென்னெஃகுக் குழாயைக் கொள்வது அறிவுடைமை.

இத்தனை செய்தும் ஜிக்கிலிருந்து விடுவித்தவுடன் கை சிறிது தளரும். உள்ளடங்கிய இழுவிசை முழுவதும் நீங்குவதில்லை. அதை அறியும் வழி கொத்தனார்களுக்குப் பழக்கமானது. ரசமட்டம் சரியா என்று ஐயம் எழுந்தால் அவர்கள் அதை முனைமாற்றி அதே இடத்தில் வைத்துப் பார்ப்பர். இரு கால்களும் சமமான தட்டைக் கையாயின், ஷாக் அப்சார்பர் தாங்கியை வைப்பதற்கு முன் அதைத் தலைகீழாகப் புரட்டி அதே ஜிக்கில் இறக்கலாம். ஊசியில் இயல்பாக அமர்ந்தால் கை நேர். அமராவிட்டால், தெரியும் விலகலில் பாதியே உண்மைப் பிழை. புரட்டுதல் பிழையை இரட்டித்துக் காட்டுகிறது. விலையுயர்ந்த அளவைக் கருவி இல்லாத பட்டறைக்கு இதனினும் சிறந்த சோதனை அரிது.

4. சட்டகக் காதுகளும் மூட்டுகளும்

கை சரியாக இருந்தும் அது மாட்டப்படும் காதுத் தகடுகள் தவறினால் பயனில்லை. முன்காதும் பின்காதும் ஒரே தண்டில் கோக்கப்பட்ட நிலையிலேயே பற்றவைக்கப்பட வேண்டும். சட்டகத்தை ரசமட்டம் பார்த்துத் தாங்கிகளில் நிறுத்தி, ஒவ்வொரு துளையின் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளியிட்டால், முழு வடிவமும் தரையில் வரைபடமாகிவிடுகிறது. இடவலப் புள்ளிகளின் மூலைவிட்டங்கள் ஒத்தால் சட்டகம் சதுரம் தவறவில்லை என்று கொள்ளலாம். வீட்டுக்கு அடித்தளம் குறிக்கும் அதே முறைதான் இது.

மூட்டுகளைத் தேர்வதில் இரு செய்திகள் போதும். சக்கரம் நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 125 மி.மீ. ஓடினால் 380 மி.மீ. கை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 19 பாகை சாய்கிறது. கடையில் கிடைக்கும் சாதாரண ராடு எண்டுகள் பல அவ்வளவு சாய இடந்தருவதில்லை. மூட்டு தன் எல்லையை எட்டியபின் கை நெம்புகோலாகி, மூட்டின் கழுத்தை ஒடிக்கும். ஸ்பிரிங் மாட்டுவதற்கு முன் சக்கரத்தை இரு எல்லைகளுக்கும் ஓட்டி, அங்கே ஸ்டீயரிங்கையும் முழுதாகத் திருப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இரண்டாவதாக, ஷாக் அப்சார்பரின் சுமையைத் தாங்கும் கீழ்க்கையின் வெளிமுனையில் மரைத்தண்டுள்ள ராடு எண்டைத் திருத்தமைப்புக்காக வைப்பது தவிர்க்கத்தக்கது. அங்குத் தண்டு வளைவிசைக்கு ஆளாகி, மரையின் அடிப்பள்ளத்தில் வெடிக்கும். திருத்தமைப்பு வேண்டுமாயின் மேற்கையின் உள்முனைகளே அதற்கு உரிய இடம்.

அங்கும் ஓர் எல்லை உண்டு. ராடு எண்டின் கண் போல்ட்டுக்கு நேராக வர வேண்டுமாதலால் அதை அரைச் சுற்றாகவே கூட்டவோ குறைக்கவோ இயலும். 1.5 மி.மீ. இடைவெளியுள்ள மரையில் அரைச் சுற்று 0.75 மி.மீ. ஆகும், மேற்சொன்ன வண்டியில் அது ஏறத்தாழ கால் பாகைக் கேம்பர். 4 மி.மீ. பிழையைத் திருத்த ஐந்து அரைச் சுற்றுகள் வெளியே திருகினால், மரை உள்ளே பிடித்திருக்கும் நீளம் அவ்வளவு குறைகிறது. பற்றவைப்பில் தவறியதை மரையில் திருத்துவோர் வலிமையை விலையாகக் கொடுக்கின்றனர்.

5. சக்கரச் சீரமைப்பு

வண்டி சமதரையில், நான்கு டயர்களிலும் உரிய காற்றழுத்தத்துடன், ஓட்டுநரின் எடைக்கு ஈடான மணல்மூட்டை இருக்கையில் இருக்க, நிற்க வேண்டும். வெறும் வண்டியில் எடுத்த அளவு ஓட்டுநர் அமர்ந்ததும் மாறிவிடும். வண்டியைச் சிலமுறை அமுக்கி விட்டு, சிறிது முன்னும் பின்னும் உருட்டி, ஸ்டீயரிங் ரேக்கை நடுவில் நிறுத்திக் கட்டியபின்பே அளவையைத் தொடங்கலாம்.

முதலில் உயரம், அடுத்துக் கேம்பரும் காஸ்டரும், இறுதியாக டோ என்னும் வரிசை மாறலாகாது. டை ராடு தன் நீளத்தில் நிலைத்திருக்க நக்கிள் மட்டும் சாய்வதால், கேம்பரைத் தொட்டாலே டோ மாறிவிடுகிறது.

கேம்பரை ரிம்மின் மேல்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, மேலும் கீழும் நூலுக்குள்ள இடைவெளியின் வேறுபாட்டால் அறியலாம். காஸ்டரை நேராக அளக்க வழியில்லை. சக்கரத்தை வெளிப்புறம் 20 பாகையும் உட்புறம் 20 பாகையும் திருப்பி இருநிலைக் கேம்பர்களின் வேறுபாட்டை எடுத்து 1.46ஆல் பெருக்க வேண்டும். வேறுபாடு 4.4 பாகையாயின் காஸ்டர் ஏறத்தாழ 6.4 பாகை.

சக்கரங்கள் முன்புறம் குவிகின்றனவா விரிகின்றனவா என்பதே டோ. இதற்கு வண்டியின் இருபுறமும் சக்கர மைய உயரத்தில் நூல் கட்ட வேண்டும். முன் பின் சக்கரங்களின் இடையகலம் பெரும்பாலும் வேறுபடுவதால் நூலை டயர்களை ஒட்டிக் கட்டுவது தவறு. வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சம தொலைவில் கட்ட வேண்டும். நடுக்கோடு என்பது முன்னரே தூக்குக்குண்டால் தரையில் குறித்த கோடு. பின் ரிம்மின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நூலிலிருந்து எவ்வளவு தள்ளியுள்ளன என அளக்க வேண்டும். 254 மி.மீ. விட்டமுள்ள ரிம்மில் 4 மி.மீ. வேறுபாடு 0.9 பாகையாகும். பழைய ரிம் நெளிந்திருக்கக்கூடும் என்பதால் சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மீண்டும் அளந்து சராசரி காண்பது தேவை. கேம்பர் சுழி முதல் ஒரு பாகை உட்சாய்வு வரை, டோ சுழி அல்லது மிகச்சிறு விரிவு என்பன தொடக்க அளவுகளாகக் கொள்ளத்தக்கவை. அதன்பின் நிலமே கூறும்.

6. பம்ப் ஸ்டீயர்

நின்ற நிலையில் எல்லாம் சரியாக இருந்தும், மேட்டில் ஏறியவுடன் ஓட்டுநர் திருப்பாமலே சக்கரம் திரும்புவதுண்டு. இதுவே பம்ப் ஸ்டீயர். சாலைக் காரில் சக்கர ஓட்டம் சிறிதாகையால் இக்குறை மறைந்திருக்கும், 250 மி.மீ. ஓடும் பக்கியில் அது வெளிப்பட்டே தீரும். கைகளின் முனைகள் வட்டவில்லில் நகர்கின்றன. டை ராடின் முனையும் தன் வட்டவில்லில் நகர்கிறது. இரண்டும் ஒவ்வாதபோது டை ராடு சக்கரத்தை இழுக்கிறது அல்லது தள்ளுகிறது.

முன்புறமிருந்து நோக்குகையில், டை ராடின் உள்முனை மேல் கீழ்க் கைகளின் உட்புள்ளிகளை இணைக்கும் கோட்டின்மேல் அமைய வேண்டும். ராடின் கோடு, இரு கைகளின் கோடுகளும் நீட்டப்பட்டுச் சந்திக்கும் புள்ளியை நோக்க வேண்டும். ராடு கீழ்க்கையின் உயரத்தில் இருந்தால் அதன் நீளம் கீழ்க்கையை ஒத்திருக்கும். நடுவே இருந்தால் 380க்கும் 320க்கும் இடைப்பட்டதாக அமையும்.

இங்கேதான் கைவினை வண்டிகள் பெரும்பாலும் தவறுகின்றன. மாருதி 800 காரின் ஸ்டீயரிங் ரேக் எளிதில் கிடைப்பதால் இந்திய மாணவர் வண்டிகளில் அது பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. அந்த ரேக்கின் உள்முனைகளின் இடைவெளி அக்காருக்காக வகுக்கப்பட்டது. கைகளை முதலில் கட்டி முடித்துப் பின்னர் ரேக்கை இடையில் நுழைத்தால், ராடின் நீளம் தற்செயலாகவே சரிவரும். ரேக்கை முதலில் வாங்கி, அதன் முனைகளுக்கேற்பக் கைகளின் உட்புள்ளிகளை அமைப்பது முறையான வரிசை. ரேக் தண்டை வெட்டிப் பற்றவைத்து நீளம் மாற்றுவது எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. அவ்விணைப்பு ஒடிந்தால் ஓட்டுநர் கையில் வளையம் மட்டுமே மிஞ்சும்.

சோதனை எளிது. ஸ்பிரிங்கைக் கழற்றி, வண்டியைத் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்திற்குப் பதில் ஹப்பில் நேரான சட்டமொன்றை இறுக்கி, ஜாக்கியால் 25 மி.மீ. படிகளாக உயர்த்தி ஒவ்வொரு படியிலும் டோவைக் குறிக்க வேண்டும். சக்கர அச்சுக்கு முன்னே ரேக் உள்ள வண்டியில், மேலெழுந்தாலும் கீழிறங்கினாலும் சக்கரம் உட்குவிந்தால் டை ராடு குட்டை. இருநிலையிலும் விரிந்தால் ராடு நீளம். மேலே செல்கையில் குவிந்து கீழே வருகையில் விரிந்தால் ராடின் உள்முனை தாழ்ந்துள்ளது என்று பொருள். அதை உயர்த்தலாம், அல்லது வெளிமுனையை வளையம் இட்டுத் தாழ்த்தலாம். ரேக் அச்சுக்குப் பின்னே இருந்தால் குவிவும் விரிவும் இடம் மாறும். இங்குச் சொல்லும் நீளம், உள்முனையும் வெளிமுனையும் அமைந்த இடங்களைப் பொறுத்தது. மரையைத் திருகி ராடை மட்டும் நீட்டினால் நிற்கும் டோ மாறுமேயன்றி இக்குறை நீங்காது.

இச்சோதனை முடிந்தபின் டோவை மீண்டும் ஒருமுறை அமைத்து, பூட்டு நட்டுகளை இறுக்கி, நட்டுக்கும் தண்டுக்கும் குறுக்கே வண்ணக்கோடு ஒன்று இடுவது வழக்கம். முதல் அரைமணி ஓட்டத்திற்குப் பின் அக்கோடுகள் ஒவ்வொன்றும் பார்க்கப்பட வேண்டும். கோடு முறிந்திருந்தால் நட்டு தளர்ந்துள்ளது. பால் ஜாயின்ட் இல்லத்தைச் சுற்றியுள்ள பற்றவைப்பின் ஓரங்களைத் துடைத்து, வண்ணப்பூச்சில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று ஒளியில் பார்க்க வேண்டும். தெரிந்தால் அதன்மேல் மறுபடி பற்றவைக்காமல் கையைக் கழற்றி, ஜிக்கில் புதிய கையொன்றைக் கட்டவேண்டும்.